54 நிமிஷத்துல 28 பாட்டு: ரமோன்ஸ் மேடை பத்தி எங்க குடும்பக் குழுவுல ஓடின பேச்சு

நிலா (இரவு 8:12): சித்தப்பா, ஒரு சந்தேகம். நியூயார்க் பங்க் ராக் குழு ரமோன்ஸ் கச்சேரியை நேர்ல பார்த்தவங்க எழுதினதைப் படிச்சா எல்லாரும் அதே மூணு விஷயத்தைத்தான் சொல்றாங்க. காதைப் பிளக்கிற சத்தம், மூச்சு விடாத வேகம், அப்புறம் "சுதாரிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு". அப்படி மேடையில என்னதான் பண்ணாங்க?

முரளி சித்தப்பா (8:15): பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை எடுத்துட்டாங்க. மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முரளி சித்தப்பா (8:17): சாதாரண ராக் கச்சேரியில ஒரு பாட்டு முடிஞ்சா கைத்தட்டல், தண்ணி, ட்யூனிங், ரெண்டு வார்த்தை பேச்சு. கூட்டம் மூச்சு வாங்கிக்கும். இங்க கடைசி கார்டு (கிட்டார்ல சேர்ந்து ஒலிக்கிற சுரக்கொத்து) அடங்குறதுக்குள்ள பேஸ் கிட்டார்காரர் டீ டீ மைக்ல "ஒன் டூ த்ரீ ஃபோர்"னு கத்திடுவார், அடுத்தது ஓடிடும். பாடகர் ஜோயி நடுவுல பேசினாலும் ஒரு வரிதான். கை தட்டவே நேரம் கிடையாது. அதான் பார்த்தவங்களுக்குத் தனித்தனிப் பாட்டா ஞாபகம் இல்ல, மொத்தமா ஒரு அலையா ஞாபகம் இருக்கு.

நிலா (8:18): அந்த எண்ணிக்கையைக் கேட்டு டிரம்ஸ்காரர் வேகத்தைப் பிடிப்பாரா?

கார்த்தி அண்ணா (8:20): அங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. டீ டீ எண்ற வேகமும் பாட்டோட வேகமும் பல இடத்துல ஒத்தே போகாது. தொடங்கப் போறோம்னு மத்த மூணு பேருக்கும் ஒரு சைகை, அவ்வளவுதான். பாட்டோட வேகம் டிரம்ஸ்காரர் கையில. அவங்க பாட்டை வாசிச்சுப் பார்க்கிற நிறைய குழு இங்கதான் சறுக்கும். எண்ணின வேகத்துலயே உள்ள போவாங்க, எட்டு பார் (தாளச் சுற்று) தாண்டுறதுக்குள்ள கை கழண்டு வேகம் கீழ இறங்கும்.

சுதா அத்தை (8:24): எந்தக் கச்சேரியைக் கேட்டா இது நல்லாப் புரியும் முரளி? குழந்தைக்கு அதைச் சொல்லு முதல்ல.

முரளி சித்தப்பா (8:29): லண்டன் ஃபின்ஸ்பரி பார்க், ரெயின்போ தியேட்டர், 1977 டிசம்பர் 31. "இட்ஸ் அலைவ்"னு ரெட்டைத்தட்டா 1979-ல வந்தது அக்கா. 28 பாட்டு, கிட்டத்தட்ட 54 நிமிஷம். கைத்தட்டல், எண்ணிக்கை எல்லாம் சேர்த்தே ஒரு பாட்டுக்கு ரெண்டு நிமிஷம் கூட வரல. அப்போ அவங்க வெளியிட்டிருந்தது மூணே ஆல்பம், ஒவ்வொண்ணுலயும் 14 பாட்டு. அதாவது அதுவரைக்கும் வெளியான பாட்டுல மூணுல ரெண்டு பங்கை ஒரே ராத்திரியில, ஒரு மணி நேரத்துக்குள்ள வாசிச்சுட்டாங்க.

முரளி சித்தப்பா (8:31): அந்தச் சுற்றுப்பயணத்துல நாலு கச்சேரி பதிவாச்சு. இதை ஆல்பத்துக்கு ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னா, முடிஞ்சதும் ரசிகர்கள் பத்து வரிசை நாற்காலியைப் பிடுங்கி மேடைப் பக்கம் வீசினாங்களாம். கூட்டம் எந்த நிலைமையில இருந்துதுன்னு அதுலயே தெரியுது. உட்கார்ந்து பார்க்கிற அரங்கத்துல இந்த மாதிரி இசையை வச்சா நாற்காலிதான் முதல்ல போகும்.

நிலா (8:33): 😮 ஆனா ஹாஸ்டல்ல எல்லாரும் "மூணு கார்டு, எல்லாப் பாட்டும் ஒண்ணுதான், யார் வேணா வாசிக்கலாம்"னு சொல்றாங்களே.

கார்த்தி அண்ணா (8:36): அவங்களுக்கு 1987-ஐச் சொல்லு. அப்போ டிரம்ஸ்ல இருந்த ரிச்சி திடீர்னு விலகினதும் பிளாண்டி குழுவோட கிளெம் பர்க்கைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தத் தலைமுறையோட அருமையான டிரம்ஸ்காரர்கள்ல ஒருத்தர். எல்விஸ் ரமோன்னு பேர் வச்சு ஆகஸ்ட் மாசம் வாசிச்சார். ரெண்டே கச்சேரி. அதோட சரி, பழைய டிரம்ஸ்காரர் மார்க்கியைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க.

நிலா (8:36): ஏன், அவருக்கு வாசிக்க வரலையா?

கார்த்தி அண்ணா (8:41): வேற பாணி. கிளெம் பர்க் வாசிப்புல ரோல் இருக்கும், இடைவெளியை நிரப்புற ஃபில் இருக்கும், ஒவ்வொரு பார்லயும் எதையாவது அலங்கரிப்பார். ரமோன்ஸ்ல அதுக்கு இடமே இல்ல. வலது கை ஹை-ஹாட்ல (ஜோடித் தாளத்தட்டு) நேரான எட்டு அடி, எண்ணிக்கையில ஒண்ணு மூணுல கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்), ரெண்டு நாலுல ஸ்னேர் (குச்சியால அடிக்கிற சின்ன டிரம்). இதை ரமோன்ஸோட முதல் நாலு பேர்ல ஒருத்தரான டாமி உருவாக்கினார். முதல்ல டிரம்ஸ்காரரே கிடையாது அவர், மேனேஜரா இருந்தவர். வந்த டிரம்ஸ்காரர் யாருக்கும் இந்த நேர்கோடு பிடிபடலைன்னு தானே உட்கார்ந்தார். இந்த வேகத்துல அந்த எட்டு அடியை ஒரு மணி நேரம் ஒரே அழுத்தத்துல அடிக்கணும். ஒரு அடி மெலிஞ்சாலும் கிட்டாரோட சேராம தனியாத் தொங்கும்.

சுதா அத்தை (8:44): ரொம்ப சரி. சாதாரண ஆதி தாளத்துல ஒரே நடையை அசையாம பிடிக்கிறதுதான் கஷ்டம். கோர்வை போட்டா தடுமாற்றம் மறைஞ்சுடும்.

நிலா (8:46): எனக்கு கிட்டார் பக்கம்தான் வேணும். கிட்டார்காரர் ஜானி கை மேல போகவே போகாதுன்னு சொல்றாங்க, உண்மையா?

கார்த்தி அண்ணா (8:52): பெரும்பாலும் எல்லாம் கீழ்வீச்சு. கணக்குப் போடு. "பிளிட்ஸ்க்ரீக் பாப்" ஆல்பத்துல நிமிஷத்துக்கு 176 பீட் கிட்ட. பீட்டுக்கு ரெண்டு வீச்சு. நிமிஷத்துக்கு 350 சொச்சம், செகண்டுக்கு ஆறு. மேடையில இதை விட வேகம்.

மேலயும் கீழயும் மாத்தி மாத்தி அடிச்சா பாதி உழைப்புதான். ஆனா சத்தம் வேற. கீழ வரும்போது பிக் (கம்பியை மீட்டற சின்ன வில்லை) முதல்ல தடிச்ச கம்பியில படும், அடி கனமா விழும். மேல போகும்போது மெல்லிசு கம்பியில முதல்ல படும், சத்தம் ஒல்லியாகும். கனம், ஒல்லி, கனம், ஒல்லின்னு மாறி மாறி வந்தா குதிக்கிற மாதிரி இருக்கும். எல்லாமே கீழ்வீச்சா வந்தா சுவர் மாதிரி நிக்கும். நேர்ல கேட்டவங்க "சுவர்"னு சொல்றது இதைத்தான்.

நிலா (8:53): ரெண்டு நிமிஷத்துல முன்கை எரியுது அண்ணா 🥲

கார்த்தி அண்ணா (9:01): எரிஞ்சா நிறுத்திடு. வலியோட தள்ளாதே, தசைநாண் வீங்கிடும், வாரக்கணக்கா கிட்டாரைத் தொட முடியாது. இப்படிப் பண்ணு:

முழங்கையை ஆட்டாதே, மணிக்கட்டு மட்டும் ஆடட்டும். பிக்கை இறுக்கிப் பிடிக்கிறதுதான் முதல் தப்பு. இறுக்கின உடனே முன்கை முழுக்கக் கட்டிக்கும். பிக் நுனி விரலுக்கு வெளிய மூணு நாலு மில்லிமீட்டர் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல நீட்டினா கம்பியில மாட்டி இழுக்கும். வீச்சோட நீளமும் குறையணும். ஆறு கம்பியையும் தாண்டி கை தொடை வரைக்கும் போச்சுன்னா திரும்பி வர நேரமே இருக்காது.

மெட்ரோனோமை (தாள வேகம் காட்டுற கருவி) 120-ல வை. ஒரே கார்டுல ரெண்டு நிமிஷம். முதல் வீச்சும் கடைசி வீச்சும் ஒரே கனத்துல இருந்தா மட்டும் நாலு ஏத்து.

சுதா அத்தை (9:03): முதல் காலம் சுத்தமா வராம ரெண்டாம் காலத்தைத் தொடக்கூடாது. கையை ஏமாத்தி வேகத்தை வாங்க முடியாது நிலா.

முரளி சித்தப்பா (9:08): ஜானி கிட்டாரைப் பத்தியும் சொல்லணும். மாடல் பேர் மாஸ்ரைட் வென்ச்சர்ஸ் 2. 1974 ஜனவரியில நியூயார்க் மேனிஸ் கடையில ஐம்பது சொச்சம் டாலருக்கு வாங்கினது. விலை குறைவு, அதோட மத்தவங்க அதிகமா வாசிக்காத கிட்டார். கழுத்து மெலிசு, ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை) தாழ்வு. முழுக் கச்சேரியும் பாரே கார்டு (ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்தறது) பிடிக்கிற கைக்கு இது பெரிய உதவி. அந்த நீலக் கிட்டார் 1977-ல திருட்டுப்போச்சு. அப்புறம் வந்த வெள்ளைக் கிட்டாரைத்தான் 1996 வரைக்கும் வச்சிருந்தார். 2021 ஏலத்துல அது 9 லட்சம் டாலருக்கு மேல போச்சு.

நிலா (9:10): ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்)? என்கிட்ட இருக்கிற சின்ன ஆம்ப்ல டிஸ்டார்ஷனை (கரகரப்பு) முழுசா ஏத்தினா கொசகொசன்னு இருக்கு.

கார்த்தி அண்ணா (9:16): ஏத்தக்கூடாது. அவர் வச்சிருந்தது 100 வாட் மார்ஷல், நேராச் செருகினது, நடுவுல பெடல் கிடையாது. அந்தக் கரகரப்பு ஆம்ப் முழுச் சத்தத்துல திணறும்போது வர்றது. சின்ன ஆம்ப்ல கெயினை முழுசா ஏத்தினா வர்றது வேற சரக்கு. ஒவ்வொரு வீச்சோட முனையும் மழுங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், செகண்டுக்கு ஆறு வீச்சு தனித்தனியாக் கேக்காது. கெயின் (கரகரப்பை ஏத்துற குமிழ்) பாதிக்குக் கீழ, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 6-ல (கீழ், நடு, மேல் ஒலிக்கான குமிழ்கள்) ஆரம்பி. வீட்ல தனியா வாசிக்கும்போது மிட் காதைக் குத்தற மாதிரி இருக்கும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் அதுதான் உன்னைக் காப்பாத்தும். மிட்டைக் குறைச்சா கூட்டத்துல கிட்டாரே காணாமப் போயிடும்.

சுதா அத்தை (9:19): நடுவுல சுருதி சேர்க்கவே மாட்டாங்களா? கம்பி இறங்காதா?

கார்த்தி அண்ணா (9:23): இறங்கும் அத்தை, முக்கியமா புதுக் கம்பி. அதனால கச்சேரி அன்னிக்குப் புதுசு போடக்கூடாது. முந்தின நாளே போட்டு, ஒவ்வொரு கம்பியையும் கையால மெதுவா இழுத்து இழுத்து, திரும்ப ட்யூன் பண்ணி, இழுத்தும் இறங்காத வரைக்கும் செய்யணும். பாரே கார்டுல முதல்ல காட்டிக் கொடுக்கிறது மூணாவது கம்பி, ஜி. இன்னொரு தொல்லை, அந்தக் கால இங்கிலாந்துல ரசிகர்கள் மேடையில எச்சில் துப்புற பழக்கம். கம்பி மேல ஈரம் பட்டா துரு சீக்கிரம் ஏறும், கை வழுக்கும்.

சுதா அத்தை (9:24): சீ! இது என்ன மரியாதை!

முரளி சித்தப்பா (9:26): அவங்களுக்கும் அது பிடிக்காதுக்கா.

நிலா (9:29): சித்தப்பா, 1976 ஜூலை 4 லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கத்துல ரமோன்ஸ் கச்சேரிக்கு இங்கிலாந்து பங்க் குழுக்கள் கிளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ் எல்லாரும் வந்து பார்த்து, அப்புறம்தான் குழு ஆரம்பிச்சாங்கன்னு ஒரு வீடியோல சொன்னாங்க.

முரளி சித்தப்பா (9:36): தேதியைப் பார்த்தாலே அது உடைஞ்சுடும். அதே ஜூலை 4 ராத்திரி கிளாஷோட முதல் கச்சேரி ஷெஃபீல்டுல, செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு முன்னாடி. ரெண்டு குழுவும் லண்டன்லயே இல்ல. ரமோன்ஸ் ரவுண்ட்ஹவுஸ்ல ஃப்ளேமின் குரூவிஸுக்கு முன்னாடி வாசிச்சாங்க. மறுநாள் கேம்டன் டிங்வால்ஸ்ல இன்னொரு கச்சேரி, அந்த ரெண்டு குழு ஆளுங்களும் ரமோன்ஸைச் சந்திச்சது அங்கதான். ஜூலை 6-ல டாம்டுன்னு இன்னொரு லண்டன் பங்க் குழு, 100 கிளப்ல முதல் மேடை ஏறினாங்க. மூணு நாள்ல இவ்வளவு. ரமோன்ஸைப் பார்த்துதான் குழுவே ஆரம்பிச்சாங்கன்னு சொல்றது தப்பு, ஏற்கனவே ஒத்திகை பார்த்துட்டு இருந்தாங்க. ஆனா அந்த வருஷம் லண்டன் குழுக்கள் பலதுக்கு வேகம் கூடினதுல ரமோன்ஸோட முதல் ஆல்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நிலா (9:38): ஆரம்பத்துலயே இவ்வளவு கச்சிதமா இருந்தாங்களா?

முரளி சித்தப்பா (9:45): இல்லம்மா. நியூயார்க் சிபிஜிபி கிளப்ல முதல் தடவை 1974 ஆகஸ்ட் 16. பவரி தெருவுல 315-ம் நம்பர், நீளமா குறுகலான இடம். அப்பல்லாம் மொத்தமே 17 நிமிஷம் மாதிரிதான் வாசிப்பாங்க. எந்தப் பாட்டு அடுத்ததுன்னு மேடையிலயே சண்டை போட்டு நின்னுருக்காங்க. அங்கிருந்து ரெயின்போவுக்கு மூணு வருஷம் சொச்சம். சும்மா வந்த கச்சிதம் இல்ல. வரிசை முன்னாடியே முடிவாகும், ஜானியும் டீ டீயும் எப்போ முன்னாடி வரணும்னு தெரியும், "பின்ஹெட்" பாட்டோட கடைசியில "காப்பா காப்பா ஹே" பலகை எப்போ வெளிய வரணும்னு தெரியும். லோகோ வரைஞ்ச ஆர்ட்டூரோ வேகாதான் விளக்கும் பார்த்தார். 1996 ஆகஸ்ட் 6 ஹாலிவுட் பேலஸ் வரைக்கும் 2,263 கச்சேரி, அதுல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் அவர் இருந்தார். முதல் நாலு பேர்ல யாரும் இப்ப உயிரோட இல்ல. அதனால அந்தப் பதிவுகளை ஒழுங்காக் கேக்கணும்னு ஆசை எனக்கு.

நிலா (9:47): எங்கிருந்து தொடங்கட்டும்?

முரளி சித்தப்பா (9:53): 1976 முதல் ஆல்பம். அதுல கலவையே பாடம் மாதிரி: பேஸ் இடது பக்கம், கிட்டார் வலது பக்கம், டிரம்ஸும் குரலும் நடுவுல. ஹெட்ஃபோன்ல வலது காதை மட்டும் கேட்டா ஜானி கை தெளிவாத் தெரியும். நாற்பதாம் ஆண்டுக்கு 2016-ல வந்த பதிப்புல மோனோ கலவையும் இருக்கு, அதை எடுத்துடாதே, அதுல பிரியாது. ஸ்டீரியோன்னு பார்த்து எடு.

கார்த்தி அண்ணா (9:56): ஃபோன் செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிக்குள்ள ஆடியோ பேலன்ஸ் இருக்கும், முழுசா வலது பக்கம் தள்ளு. அங்கேயே மோனோ ஆடியோன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆஃப்ல இருக்கான்னு பாரு. ஆன்ல இருந்தா ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்தான் வரும். கிட்டார் வாசிச்சுப் பழகும்போது அப்படியே இடது பக்கம் தள்ளிடு. ஜானி போயிடுவார், டீ டீயும் டாமியும் உனக்குப் பின்னாடி வாசிப்பாங்க.

நிலா (9:57): ஐயோ சூப்பர் அண்ணா!! இப்பவே பண்றேன்

சுதா அத்தை (9:58): ஹெட்ஃபோன்ல சத்தம் பாதிக்கு மேல வேண்டாம். 100 டெசிபல்ல கால் மணி நேரத்துக்கு மேல காது தாங்காது.

முரளி சித்தப்பா (10:02): அதைப் பழகினதும் ரெயின்போ பதிவுல அதே பாட்டுகளைப் போடு. ஸ்டுடியோவை விட எவ்வளவு வேகம்னு மெட்ரோனோம் ஆப்ல பீட்டுக்குத் தட்டி அளந்து இங்க போடு. "பிளிட்ஸ்க்ரீக் பாப்" மூணாவது பாட்டா வரும்.