ஜிம்முல பிபி ஊசி: நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

சேலத்துப் பையன்:
பிபியை ஏத்துற ஊசி, வெயிட் கூடுதலா தூக்கப் போட்டுக்கறாங்க. எந்த ஊசின்னு ஜிம்முக்குப் போறவங்களுக்குத் தெரியும். கூட தூக்குற தம்பி, 22 வயசு. அன்னைக்கு பெஞ்ச்ல நான்தான் பின்னாடி நின்னு பார் பிடிச்சேன். வழக்கமா எட்டோட வச்சிடுவான். அன்னைக்கு ஊசி போட்டுட்டு வந்து பதினாலு. நான் சத்தமா எண்ணிட்டிருந்தேன், "இன்னும் ஒண்ணுடா"ன்னு வேற. எந்திரிச்சு உக்காந்தான். கழுத்து நரம்பு துடிக்கிறது எதிர்க் கண்ணாடியில தெரிஞ்சது. ராத்திரி மூணு மணிக்கு போன்: "அண்ணே, மொட்டைமாடில யாரோ நிக்கிறாங்க." யாரும் இல்ல. நான் எண்ணினதுதான் இன்னும் காதுல இருக்கு.

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்:
அது மெஃபென்டர்மின். எங்களுக்குத் தினசரி சாமான். சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டதும் பிபி இறங்கும். டாக்டர் சில மில்லிகிராம் ஏத்துவார், மானிட்டர்ல நம்பர் மேல வரும். ஒருநாள் அப்பென்டிக்ஸுக்கு ஒரு பையன், நல்ல பாடி. பிபி இறங்குச்சு, இந்த மருந்தைக் குடுத்தோம், அசையல. மறுபடியும் குடுத்தோம், அப்பவும் அசையல. அப்பதான் முணுமுணுத்தான்: "நான் இதை ஜிம்முக்குப் போட்டுக்குவேண்ணே." டாக்டர் உடனே நேரா நார்அட்ரினலின் டிரிப் மாத்தினார், அது ரத்தக்குழாயை இறுக்கி பிபி ஏத்துறது. இந்த மருந்து நரம்பு முனையில சேர்த்து வச்சிருக்கிற நார்அட்ரினலினை வெளியே தள்ளித்தான் வேலை செய்யும். தினம் போட்டுக் காலி பண்ணிட்டா எங்கிருந்து தள்ளும்? காலைல கேட்டப்போ "எந்த மருந்தும் எடுக்கறதில்ல"ன்னு சொன்னவன் அவன்.

கோவை லிஃப்டர்:
ஓவரா பயமுறுத்தாதீங்க. நான் மூணு தடவை போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல. ரெண்டு நாள் தூக்கம் வரல, பசி இல்ல, அவ்ளோதான். காபியும் இதே கேஸ்தானே?

பழைய பளுதூக்கி:
கோவைத் தம்பி, காபி இதே கேஸ் இல்ல. கேஃபீன் அசதியைச் சொல்ற அடினோசினை மறைக்கும். ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லம்பாங்க. இந்த ஊசி ஆம்ஃபெட்டமின்ங்கிற போதை ஊக்கமருந்துக் குடும்பம். போட்டியில உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை பண்ணினது. மூச்சைப் பிடிச்சு வெயிட் தூக்கறப்பவே பிபி எகிறும். அதுக்கு மேல இதையும் ஏத்தினா மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாம், துடிப்பு தாறுமாறா போகலாம். வருஷக்கணக்கா போட்டா இதயத் தசை தளர்ந்து வீங்கும். ஒரே சிரிஞ்சைப் பகிர்ந்தா ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. அசதியும் வலியும் உடம்பு போடுற பிரேக், அதைக் கழட்டிட்டு வண்டி நல்லா ஓடுதுங்கிறீங்க. நெஞ்சு வலிச்சா, கண்ணு இருண்டா 108. டாக்டர்கிட்ட போட்டதைச் சொல்லுங்க, அவர் போலீஸ் இல்ல. விட முடியலன்னா 14446, போதை மீட்பு உதவி எண்.
என் கதை சின்னது: சித்தப்பா பையன், எக்கோவுல இதயத்தோட பம்பிங் 30 சதவீதம். மாடிப்படி ஏறி பாதியில உக்காந்துக்கறான்.

கோவை லிஃப்டர்:
அட்வைஸ் யாரும் கேக்கல சார். தலைப்பைப் படிங்க.

சேலத்துப் பையன்:
நானும் கேக்கல. ஆனா அந்த நம்பரைத் தம்பிக்கு அனுப்பிட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு. இன்னைக்கு ஜிம்முக்கு வரல. டெக்னீஷியன் அண்ணே, நிறுத்தினா அந்த மொட்டைமாடி ஆள் போயிடுவாரா?