துண்டு போட்டால் சீட்டு சொந்தமா? பாபநாசம் பஸ்ஸில் ஒரு பஞ்சாயத்து

சேரம்மாதேவிக்காரன்:
சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. நெல்லை புதிய பஸ் ஸ்டாண்டுக்குள் பாபநாசம் பஸ் திரும்பும்போதே கூட்டமும் கூடவே ஓடியது. நான் முறையாகப் படிக்கட்டு வழியாக, இரண்டு முழங்கை இடியை வாங்கிக்கொண்டு ஏறினேன். உள்ளே ஆட்கள் பாதி பஸ்ஸுக்குக்கூட இல்லை. ஆனால் ஒரு சீட்டும் காலி இல்லை. துண்டு, பை, தண்ணீர் பாட்டில், ஓரிடத்தில் பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். நடுவில் மூன்று பேர் சீட்டில் ஈரம் காயாத பச்சைக்கரைத் துண்டு ஒன்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளவாக்கில் கிடந்தது. அதை மடித்து முன்கம்பியில் தொங்கவிட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"தம்பி, துண்டு கெடந்துச்சுல்லா?"

"கெடந்துச்சு அண்ணாச்சி. கம்பியில போட்டிருக்கேன்."

அவர் சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்து சீட்டில் ஓர் ஆச்சி, அவருக்கு யாரோ எவரோ, "இந்தப் பிள்ளைதான் ஜன்னல் வழியா போட்டுச்சு, நான் பாத்தேன்லா" என்றார். அவ்வளவுதான். முன்சீட்டும் பின்சீட்டும் திரும்பி, கோழி திருடியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தன. எழுந்துவிட்டேன். ஊர் வரை நின்றே வந்தேன்.

துண்டுக்கு டிக்கெட் கிடையாது, சட்டமும் கிடையாது. பிறகு நான் ஏன் எழுந்தேன்? யாராவது சொல்லுங்கள்.

பொருநைப்பித்தன்:
உமக்குள் கொஞ்சம் நெல்லைக்காரன் மிச்சம் இருக்கிறான், அதனால்தான். "நான் வாரேன், இது எனக்கு" என்று ஆள் இல்லாத நேரத்துக்குச் சொல்லிவிட்டுப் போகும் சொல்தான் வே துண்டு. கல்யாணப் பந்தியில் நாற்காலியை இலைப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனால், அதில் எவனாவது வந்து உட்காருவானா? பதவிக்குத் துண்டு போடுகிறான், தேர்தல் சீட்டுக்குத் துண்டு போடுகிறான் என்று பேச்சிலேயே ஏறிவிட்டது. முந்திப் போட்டவனுக்குச் சீட்டு என்பதை எடுத்துவிட்டால், பலம் உள்ளவனுக்குச் சீட்டு என்றாகும். முழங்கை இடி வாங்கி ஏறினேன் என்கிறீரே, அந்த வழிதான் நியாயமோ?

சும்மா எட்டிப்பார்த்தவன்:
முறுக்குப் பொட்டலத்தை யாராவது எடுத்தார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாளை டீச்சர்:
முறுக்குக் கேள்வியை விளையாட்டாகக் கேட்டீர்கள். ஆனால் அதை நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் சோமர், ஃபிராங்க்ளின் பெக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நூலக நாற்காலிகளுக்குத் "துண்டு" போட்டுப் பார்த்து 1969இல் எழுதினார்கள். கூட்டமான வாசிப்பறையில் நூலகத்து இதழ்களைச் சிதறவிட்டு வைத்த இடம் பறிபோனது. ஒருவருடைய கோட்டு அல்லது நோட்டு வைத்த இடத்தை இரண்டு மணி நேரமும் யாரும் தொடவில்லை. ஆள்வாசம் இருக்கிற பொருள்தான் இடம் பிடிக்கும். ஈரத்துண்டில் ஆளே இருக்கிறார். பாதி தின்ற முறுக்கிலும்தான்.

அவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரையும் கவனித்தார்கள். "இங்கே ஆள் வருதா?" என்று யாராவது கேட்டால், முன்பின் தெரியாதவருக்காக இவர் இடத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறார். உங்கள் ஆச்சி அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் எழுந்திருப்பீர்களா?

சேரம்மாதேவிக்காரன்:
டீச்சர், நூலகத்தில் ஒரு கோட்டுக்கு ஒரு நாற்காலி. இங்கே ஒரு துண்டுக்கு மூன்று இடம்! அப்புறம், அமெரிக்க மாணவர்களை வைத்துச் செய்ததை எல்லாம் மனித குணம் என்று சொல்லிவிட முடியுமா? 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் என்ற மூன்று ஆய்வாளர்களும் இதைத்தானே கேட்டார்கள்? பெரிய உளவியல் இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். பாபநாசம் பஸ் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

கண்டக்டர் மகன்:
அப்பா முப்பது வருஷம் தோளில் பை மாட்டியவர். துண்டுச் சண்டையில் அவர் தலையிட்டதே இல்லை. உட்கார்ந்தவனுக்கும் ஒரு டிக்கெட், நிற்கிறவனுக்கும் ஒரு டிக்கெட், விசில் ஊதிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் எந்தப் பொருள் நிற்கும், எது நிற்காது என்று அவரிடம் ஒரு கணக்கு உண்டு. கைக்குட்டை நிற்காது. காற்றில் பறக்கும், இல்லையென்றால் பறக்கவைப்பார்கள். பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குடை நன்றாக நிற்கும், போட்டவர் இறங்கும்போது அதை மறந்துவிட்டுப் போவார், அது வேறு கதை. டிபன் பை உறுதி. எல்லாவற்றையும்விட உறுதி பிள்ளை. நாலு வயசுப் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி, "ரெண்டு கையையும் விரிச்சு உக்காருலே, யார் கேட்டாலும் எந்திரிக்காத" என்பார்கள். அந்தப் பிள்ளை அழுகிற முகத்தோடு கையை விரித்து உட்கார்ந்திருக்கும். அந்தச் சீட்டில் கை வைக்க எவனுக்கும் மனசு வராது.

இதெல்லாம் சாதாரண நாளைக்கு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு விடுகிற பஸ்ஸில் எதுவும் செல்லாது. துண்டின் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். போட்டவர் வந்து கேட்டால் இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, உருவிக்கொள்ளச் சொல்வார்கள். மரியாதை எல்லாம் ஓர் அளவு கூட்டம் வரைக்கும்தான்.

அம்பை கணக்கன்:
துண்டு போட்டவர் பக்கமிருந்து ஒன்று. 1990இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது, வாங்குகிறவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. துண்டு விழுந்த நொடியே சீட்டு பாட்டன் சொத்தாகிவிடுவது இப்படித்தான்.

பொருநைப்பித்தன்:
கணக்கரே, துண்டைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தவருக்கும் அது பாட்டன் சொத்தாகியிருக்குமே? அதனால்தானே இங்கே வந்து நியாயம் கேட்கிறார்.

வீரவநல்லூர் மைனி:
நான் பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு தினமும் வந்துபோகிறவள். ஜன்னல் எனக்கு எட்டாது. எட்டினாலும் எதைப் போடுவது? துப்பட்டாவைக் கழற்றிப் போட முடியுமா? கைப்பையைப் போட்டால், போய்ப் பார்க்கும்போது பை இருக்கும், பர்ஸ் இருக்காது. டீச்சர் சொன்னபடி ஆள்வாசமும் இருக்க வேண்டும், தொலைந்தால் பரவாயில்லை என்றும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பொருள் ஆண்கள் தோளில்தான் கிடக்கிறது. முந்தினவனுக்குச் சீட்டு என்கிறார் பொருநைப்பித்தன். முந்துவதற்கு உயரம் வேண்டும், துண்டு வேண்டும், ஓடுகிற பஸ்ஸோடு ஓடக் கால் வேண்டும். இதுவும் பலம் உள்ளவன் சட்டம்தானே அண்ணாச்சி?

அப்புறம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் எங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. சும்மாதானே வருகிறாய், நின்றுகொண்டு வந்தால் என்ன என்று ஒரு பார்வை வேறு. அதையும் யாராவது ஆராயட்டும்.

கோவில்பட்டி கரிசலான்:
தோளில் கிடக்கிறது என்றீர்களே, அந்தத் துண்டைத் தோளில் போட விடாத காலமும் இந்தப் பக்கம் இருந்தது. பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும், இல்லை கக்கத்தில் இடுக்க வேண்டும். இப்போது அதைச் "சொல்" என்கிறார் பொருநைப்பித்தன். சரி, யார் சொல் எடுபடும்?

வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன் ஒருவன் போட்டிருந்த துண்டைச் சுருட்டி, பின்சீட்டு மூலையில் எறிந்துவிட்டு ஒருவர் உட்கார்ந்தார். என் கண் முன்னால். பையன் வந்தான், மூலையில் கிடந்ததை எடுத்து உதறினான், நின்றுகொண்டான். அன்றைக்கு எந்த ஆச்சியும் "நான் பாத்தேன்லா" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பொருநைப்பித்தன்:
நீர் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பழியை வழக்கத்தின் மேல் போடுதீர். அந்தப் பையனுக்கு ஓர் ஆள் பேசியிருந்தால் அந்தத் துண்டும் நின்றிருக்கும்.

கோவில்பட்டி கரிசலான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆள் இருக்கிறவனுக்குத்தான் துண்டு.

பாளை டீச்சர்:
சேரம்மாதேவித் தம்பிக்கு நான் பாக்கி வைத்த பதில். 96 சதவீதக் கணக்கு சரிதான், நூலகத்தை அப்படியே பஸ்ஸுக்குள் கொண்டுவர முடியாது. ஆனாலும் நீங்கள் ஏன் எழுந்தீர்கள் என்பதற்கு எனக்குத் தோன்றுவது இன்னொரு சோதனை.

1970களின் தொடக்கத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், "உங்கள் சீட்டைத் தருகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். 68 சதவீதம் பேர் எழுந்தார்கள் அல்லது நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இதில் ஆச்சரியம், கேட்கப் போனவர்கள் பட்ட பாடு. மில்கிராமே ஒரு தடவை கேட்கப் போனார். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டு, சீட்டும் கிடைத்த பிறகு, சும்மா உட்கார முடியவில்லை. உடம்பு சரியில்லாதவர்போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அது நடிப்பு இல்லை, முகமே வெளுத்துவிட்டதாம். யாரும் எழுதிவைக்காத வழக்கத்தை மீறினால் உடம்புக்கே அது தெரிந்துவிடுகிறது.

அதனால் கேட்கிறேன். அவர் வருவதற்கு முந்தைய அந்த ஐந்து நிமிடம், நீங்கள் நிம்மதியாகவா உட்கார்ந்திருந்தீர்கள்?

சேரம்மாதேவிக்காரன் (மூன்று நாள் கழித்து):
இல்லை டீச்சர். போனை எடுத்து, வராத மெசேஜைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அவர் துண்டு போட்டதை ஆச்சி மட்டும் பார்க்கவில்லை, நானும் பார்த்தேன். பஸ் திரும்பும்போது அவருக்கு ஒரு கை தள்ளித்தான் நானும் ஓடிவந்தேன். துண்டு உள்ளே விழுந்ததும் அவர் டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஏட்டி, பிள்ளைய தூக்கிட்டு வா" என்று கூப்பிட்டார். நான் படிக்கட்டுக்கு ஓடினேன். மற்ற துண்டெல்லாம் யாருடையது என்று எனக்குத் தெரியாது, வருகிறவன் எப்பேர்ப்பட்டவனோ. இவரைப் பார்த்திருந்தேன். சாதுவாக இருந்தார். அதனால்தான் அந்தச் சீட்டுக்குப் போனேன்.

பொருநைப்பித்தன்:
அடப்பாவி. இதைச் சொல்லவா இத்தனை நாள்?

வீரவநல்லூர் மைனி:
சாதுவான முகமாகப் பார்த்து உட்காருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நீங்களாவது வாயால் சொன்னீர்கள்.

சேரம்மாதேவிக்காரன்:
சரி, நான் எழுந்தது சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்தது அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும், மடியில் பிள்ளை. மூன்றாவது இடத்தில் சேரம்மாதேவி வரைக்கும் ஒரு கட்டைப்பை உட்கார்ந்து வந்தது. ஆச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு யார் பதில் சொல்வது?

கண்டக்டர் மகன்:
பைக்கு லக்கேஜ் போட்டாரா என்று அப்பா கேட்கச் சொன்னார்.