8 அறை .357 ரிவால்வர், மூன் கிளிப்: போட்டிக்கு எந்தக் கேஸ்?

எட்டாம்அறை கேட்டது:

வணக்கம். 8 தோட்டா கொள்ளும் .357 மேக்னம் ரிவால்வர். சிலிண்டர் மூன் கிளிப்புக்கு (எட்டுத் தோட்டாவையும் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய தகடு) வெட்டியது. ஐகோர், யு.எஸ்.பி.எஸ்.ஏ. மாதிரி வேகப் போட்டிக்கு மட்டும்தான் உபயோகம். தோட்டா நானே நிரப்புகிறேன். கையில் இருப்பது ஒரு வாளி .38 ஸ்பெஷல் (.357-ஐவிடக் குட்டை, அதே துப்பாக்கியில் சுடலாம்) காலிக் கேஸ், அதாவது தோட்டாவின் வெறும் கூடு, பல கம்பெனி கலந்தது, நிக்கல் பூசியதும் பாதிக்குப் பாதி இருக்கு.

கம்பெனி வாரியாகப் பிரிப்பது அவசியமா, இல்லை வீண் வேலையா? இன்னும் குட்டையான .38 ஷார்ட் கோல்ட் கேஸுக்கு மாறினால் உண்மையில் லாபம் உண்டா? இன்னொன்று: சில கிளிப் போட்டால் சிலிண்டர் இறுகுது, சில கிளிப்பில் வெண்ணெய் மாதிரி சுத்துது. கேஸ்தான் காரணமா?

---

பித்தளைவாளி:

பிரித்தே ஆகணும். மற்ற துப்பாக்கிக்காரர்கள் சோம்பேறித்தனமாக இருக்கலாம், மூன் கிளிப்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

.38 ஸ்பெஷல் விளிம்பு உள்ள கேஸ். சிலிண்டர் அறையில் அது விளிம்பைப் பிடித்துத்தான் நிற்கிறது. விளிம்புக்கு முன்னால் இருக்கிற பள்ளம் அதற்கு அவசியமே இல்லை, அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வெட்டுகிறது. ஒன்றில் பள்ளம் ஆழம், இன்னொன்றில் பேருக்கு ஒரு சரிவு. மூன் கிளிப்போ அந்தப் பள்ளத்தை மட்டுமே நம்பிப் பிடிக்கிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டா ஆடும் பல் மாதிரி தொங்கும். எட்டு மூக்கும் எட்டு ஓட்டையை ஒரே நேரத்தில் தேடாது, ரீலோடு கெடும். பள்ளம் ஆழம் குறைந்தால் கேஸைத் திணிக்க வேண்டிவரும், திணித்தால் கிளிப் வளையும். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

வாளியைக் கொட்டி, கேஸின் அடியில் உள்ள கம்பெனி முத்திரையைப் பார்த்துப் பிரியுங்கள். ஒவ்வொரு முத்திரையிலும் பத்து எடுத்து, பள்ளத்தின் விட்டத்தையும் விளிம்பின் தடிமனையும் காலிப்பரில் அளங்கள். விளிம்பு 1.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மேல் போனால் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் உரசும். பிறகு கிளிப்பில் எட்டு காலிக் கேஸைப் போட்டு லேசாக உலுக்குங்கள். கொஞ்சம் அசையணும், ஆனால் தலைசாயக் கூடாது. எந்த முத்திரை நன்றாகப் பிடிக்கிறதோ, எது அதிகம் இருக்கிறதோ, அதையே போட்டிக்கு ஒதுக்குங்கள். மீதி பயிற்சிக்குக்கூட வேண்டாம். கிளிப்பை வளைப்பது பயிற்சியிலும் நடக்கும். கிளிப்புகள் வேறு வேறு தடிமனில் வருகின்றன, அதனால் கேஸை முடிவு செய்த பிறகு அதற்குப் பொருந்தும் கிளிப்பை வாங்குங்கள். முதலில் கிளிப், அப்புறம் கேஸ் என்று போவதுதான் பலர் செய்யும் தப்பு.

நிக்கல்: வழுக்கி வெளியேறும், கறுக்காது. ஆனால் வாய் சீக்கிரம் பிளக்கும், பூச்சு உரிந்தால் டையில் (கேஸுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) கீறல் விழும். கலந்து மட்டும் போடாதீர்கள். இரண்டும் குண்டைப் பிடிக்கிற இறுக்கம் வேறு.

நீளமும் கவனிக்கணும். .38 ஸ்பெஷல் கேஸின் உச்ச நீளம் 29.3 மி.மீ. ரோல் கிரிம்ப் (கேஸின் வாயைக் குண்டின்மேல் உள்பக்கம் மடித்து இறுக்குவது) போடுபவர்களுக்கு நீளமான கேஸில் கிரிம்ப் ஆழமாகவும் குட்டையில் லேசாகவும் விழும். லேசான கிரிம்ப் என்றால் அதிர்ச்சியில் அடுத்த அறைகளின் குண்டு முன்னே நகர்ந்து சிலிண்டரைப் பூட்டிவிடும். ஒரே முத்திரையை ஒரே ஒரு தடவை 29.2 மி.மீ.க்கு வெட்டிச் சமமாக்கினால் போதும். மென்மையான லோடுக்கு அது திரும்ப வளராது.

---

சுழலி:

பித்தளைவாளி அண்ணா சொன்னது சரி. ஆனால் இவ்வளவு பிரிக்கிற வேலையை மிச்சப்படுத்தத்தான் ஷார்ட் கோல்ட் இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே லாட், புதுசு, 500 வாங்கிட்டா பேச்சே இல்லை.

கேஸ் நீளம் 19.4 மி.மீ. .38 ஸ்பெஷலைவிடச் சுமார் 10 மி.மீ. குட்டை. எஜெக்டரைத் தட்டினா எட்டும் மொத்தமா விழும், ஒண்ணு பாதியில தொங்கற கதை இல்லை. உள்ளே போடும்போதும் கிளிப் சீக்கிரம் அமரும். உள்ளே இடம் குறைவு, அதனால கொஞ்சம் மருந்து போட்டாலும் அது கேஸுக்குள்ள அங்கும் இங்கும் புரளாது, வேகம் ஒரே சீரா வரும்.

ரெண்டு எச்சரிக்கை. .38 ஸ்பெஷல் லோடு அளவை எடுத்து இதில் போடாதீங்க. இடம் குறைஞ்சா அழுத்தம் எகிறும். ஷார்ட் கோல்ட்டுக்கென்றே வெளியான அளவுதான் வேணும். போட்டிக்காரங்க போடற லோடு பழைய .38 ஷார்ட் கோல்ட் துப்பாக்கிக்கு ஆகாது, பெட்டிமேல ".357 துப்பாக்கிக்கு மட்டும்" என்று எழுதி வைங்க.

டை: ஷெல் ஹோல்டர் (பிரஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கிற துண்டு) .38 ஸ்பெஷலோடதே பொருந்தும். ஆனால் .38 ஸ்பெஷல் விரிப்பு டையும் கிரிம்ப் டையும் பல செட்டில் இவ்வளவு கீழே இறங்காது. கேஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துக்குங்க.

---

கிரிம்ப்:

ஷார்ட் கோல்ட்டில் இரண்டு சிக்கல் விட்டுப்போனது.

ஒன்று, கனமான குண்டு. கேஸின் சுவர் அடிப்பக்கம் போகப்போகத் தடிக்கும். 158 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு நீளம். குட்டைக் கேஸில் ஆழமாக அமரும்போது அதன் அடி அந்தத் தடித்த சுவரில் மோதி, கேஸ் வெளியே புடைக்கும். புடைத்த தோட்டா அறையில் சொத்தென்று விழாது, தள்ள வேண்டிவரும். பவர் ஃபேக்டர் (குண்டின் எடை × வேகம் ÷ 1000) கணக்குக்காகக் கனமான குண்டை விரும்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 158 கிரெயின், நொடிக்கு 800 அடி என்றால் 126.4, யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் மைனர் என்ற கீழ்நிலைக்கு வேண்டிய 125-ஐ மெதுவாகத் தாண்டிவிடும், அதிர்வும் இதமாக இருக்கும். அதே குண்டை .38 ஸ்பெஷலில் போட்டால் புடைப்பே இல்லை.

இரண்டு, கரி வளையம். .357 அறையில் மேக்னம் கேஸ் 32.8 மி.மீ. இடம் பிடிக்கும். ஷார்ட் கோல்ட் முடிகிற இடத்துக்கும் அதற்கும் நடுவே 13 மி.மீ. வெறும் சுவர். அங்கே கரியும் ஈயமும் படியும். பிறகு என்றாவது .357 போட்டால் உள்ளே போகாது. அழுத்தித் திணித்தால் கேஸின் வாய் குண்டைக் கவ்விக்கொள்ளும், அழுத்தம் ஏறும், அது ஆபத்து. ஒவ்வொரு போட்டிக்கும் பிறகு வெண்கலப் பிரஷ்ஷால் அறையைத் தேயுங்கள். .38 ஸ்பெஷலுக்கும் இதே கதைதான், ஆனால் அங்கே இடைவெளி மூன்றரை மி.மீ. மட்டும்.

துல்லியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குண்டு அவ்வளவு தூரம் பிடியில்லாமல் தாவுகிறது. 10, 15 மீட்டர் இரும்புத் தட்டுக்கு அது பொருட்டில்லை. 50 கெஜத்தில் வாட்கட்டர் (தட்டை மூக்குக் குண்டு) சுடுகிற பி.பி.சி. என்ற துல்லியப் போட்டி ஆட்கள் நீளமான கேஸை விடமாட்டார்கள். (வாட்கட்டருக்கென்றே உள்ளே ஆழம்வரை மெல்லிய சுவரோடு வரும் .38 ஸ்பெஷல் கேஸ் உண்டு. வாளியில் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள்.)

என் கருத்து: இருக்கிற .38 ஸ்பெஷலைப் பிரித்து ஒரு முத்திரையில் ஒரு சீசன் சுடுங்கள். ரீலோடுதான் நேரத்தைத் தின்கிறது என்று டைமர் காட்டினால் அப்புறம் குட்டைக்கு மாறலாம்.

---

எட்டாம்அறை:

நன்றி. பத்து பத்தாக அளந்தேன். ஒரு முத்திரையில் 340 இருக்கு, பிடியும் நல்லா இருக்கு, அதையே வெச்சுக்கிறேன். ஆனால் அந்த முத்திரையிலேயே ஒரு கிளிப் இறுகுது. கிளிப்பைக் கண்ணாடி மேல் வெச்சுப் பார்த்தேன், ஆடல.

---

பித்தளைவாளி:

அப்படியென்றால் பிரைமர் (கேஸின் அடியில் இருக்கிற, மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி). எட்டு கேஸை சைஸ் பண்ணி (டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து), பிரைமர் இல்லாமல், காலியாகவே அந்தக் கிளிப்பில் மாட்டிச் சிலிண்டரைச் சுற்றிப் பாருங்கள். இப்போதும் இறுகினால் கிளிப்பு அல்லது விளிம்பு. இறுகாவிட்டால் ஏதோ ஒரு பிரைமர் மேலே நிற்கிறது என்று அர்த்தம்.

பிரைமர் கேஸ் அடிமட்டத்துக்குக் கீழே 0.1 மி.மீ. அளவுக்கு அமர்ந்திருக்கணும். நிரப்பிய தோட்டாவைத் தலைகீழாக நிறுத்தி, நேர்விளிம்பு ஒன்றை மேலே வைத்தால் ஆடுவது தெரிந்துவிடும். மேலே நிற்கும் பிரைமருக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு: ஸ்பிரிங்கை இளக்கிய போட்டி ரிவால்வரில் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும், வெடிக்காது. இரண்டாம் அடியில் வெடித்தால் குற்றவாளி அதுதான், ஸ்பிரிங்கைத் திட்டாதீர்கள். மேலே நிற்கக் காரணம் பெரும்பாலும் பிரைமர் குழியில் கரி. சுரண்டியால் ஒரு சுற்று சுரண்டினால் போகும். மாறாக, பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது, அந்தக் கேஸைக் குப்பைக்கு அனுப்புங்கள்.

---

சுழலி:

340-ஐயும் ஒரு தடவை காதால பாருங்க. கைநிறைய அள்ளிக் குலுக்கினா நல்ல கேஸ் கணீர்னு கேட்கும், வாய் பிளந்தது ஒண்ணு இருந்தாலும் சத்தம் மொட்டையா வரும். கண்ணுக்குத் தப்பற பிளவு காதுக்குத் தப்பாது.

---

கிரிம்ப்:

ஈரத்தில் ஸ்டீல் ஊசி போட்டுக் கழுவுகிறவர் என்றால், குழியின் துளையில் ஊசி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரொம்ப நேரம் ஓட்டினால் வாயின் ஓரம் தட்டித் தட்டி உள்பக்கம் மடிந்துவிடும். வாயைச் சீவாமல் குண்டு வைத்தால் குண்டின் மேல்பூச்சை உரித்துவிடும். கழுவ ஒரு மணி நேரம் போதும்.