தினமும் பார்க்க உருப்படியான சைட் வேணும், ஆனா லிஸ்ட் வேண்டாம் (87 புக்மார்க் ஏற்கனவே இருக்கு)

ஜெராக்ஸ்_கடைக்காரன் | திங்கள், மதியம் 2:40

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பட்டா சிட்டா எடுத்துக் குடுக்குறது, ஆன்லைன் அப்ளிகேஷன், கரண்ட் பில்லு இதான் பொழப்பு. காலைல கூட்டம் இருக்கும், சாயங்காலமும் இருக்கும், மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஈ ஓட்டணும். அந்த நேரத்துல ரீல்ஸ் பாக்க ஆரம்பிச்சு, நாலு மணிக்கு என்னடா பாத்தோம்னு யோசிச்சா ஒண்ணுகூட நினைவுல இல்ல.

சரி உருப்படியா எதாவது பாப்போம்னு, வாட்ஸ்அப்ல வந்த "கட்டாயம் பார்க்க வேண்டிய 100 இணையதளங்கள்", யூடியூப்ல அவன் சொன்னது இவன் சொன்னதுன்னு எல்லாத்தையும் புக்மார்க் போட்டேன். இன்னைக்கு எண்ணிப் பாத்தா 87. திறந்து பாத்தது பத்து இருக்கும், ரெண்டாவது தடவை திறந்தது ரெண்டே ரெண்டு, அந்த ரெண்டும் தகராறு:

1. நாசாவோட ஆஸ்ட்ரானமி பிக்சர் ஆஃப் த டே. தினம் ஒரு வானியல் படம்னு சொல்றாங்க, காலைல 8 மணிக்கு கடை திறந்ததும் பாத்தா முந்தின நாள் மத்தியானம் பாத்த அதே படம்தான் நிக்குது. ரிஃப்ரெஷ் பண்ணியாச்சு, கேஷ் கிளியர் பண்ணியாச்சு, பிரவுசரையே மாத்தியாச்சு.

2. மதுரைத் திட்டம், பழைய தமிழ் நூலெல்லாம் இலவசமா போட்டிருக்குற சைட். புத்தகம் ஒண்ணு திறந்தேன், எழுத்தெல்லாம் கோழி கிளறுன மாதிரி வருது.

இது போக எந்த சைட்லயோ நோட்டிபிகேஷன் கேட்டதுக்கு தெரியாம "அலோ" அமுக்கிட்டேன் போல, சிஸ்டம் ஓரத்துல அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் பரிசு விழுந்திருக்குன்னு எட்டிப் பாக்குது. கஸ்டமர் முன்னாடி மானம் போகுது.

பொண்ணு ஏழாவது படிக்கா, ஸ்கூல் விட்டு நேரா கடைக்குத்தான் வருவா. அவளும் சேந்து பாக்குற மாதிரி இருந்தா நல்லது. என் இங்கிலீஷ் சுமார்தான்.

சும்மா_வந்தவன் | 2:52

கான் அகாடமி, டெட், கோர்ஸ்எரா, எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், என்பிடெல், பிரிட்டானிகா, நேஷனல் ஜியாக்ரஃபிக், டூயோலிங்கோ, குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ்

ஜெராக்ஸ்_கடைக்காரன் | 2:55

அண்ணே தலைப்ப படிச்சீங்களா. இப்ப 97 ஆயிடுச்சு.

தூக்கம்_வரல | மாலை 5:10

முதல்ல அந்த பரிசு. குரோம் செட்டிங்ஸ் போங்க, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி கொடுத்த சைட் எல்லாம் வரிசையா நிக்கும், பேரே தெரியாத எதுவா இருந்தாலும் தூக்கிடுங்க. மேலயே இனிமே யாரும் கேக்கக்கூடாதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதையும் போட்டு விடுங்க. வைரஸ் எல்லாம் இல்ல, ஆன்டிவைரஸ் வாங்க யாராச்சும் சொன்னா காச கொடுத்துராதீங்க.

நாசா படத்துக்கு கேஷ் என்ன பண்ணும் பாவம். அந்தப் பக்கம் மாறுறது அமெரிக்க கிழக்குக்கரை நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு. நம்ம ஊர்ல அப்ப காலைல 9:30. நவம்பர்ல அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, அதுல இருந்து மார்ச் வரைக்கும் நமக்கு 10:30. எட்டு மணிக்குப் பாத்தா நேத்து படம்தான் இருக்கும். பத்தே முக்காலுக்கு மேல பாருங்க, வருசம் பூரா தப்பாது.

ஜெராக்ஸ்_கடைக்காரன் | 5:31

அடப்பாவமே, அவங்களுக்கு இன்னும் விடியவே இல்லயா. இதுக்கா பிரவுசர மாத்துனேன். பரிசு நின்னுருச்சு, ரொம்ப நன்றிங்க.

பழைய_பிளாக்கர் | இரவு 9:15

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சது தம்பி, யூனிகோடு தமிழ் கம்ப்யூட்டர்ல ஒழுங்கா வர்றதுக்கு முன்னாடி. அப்ப ஆளுக்கொரு எழுத்துரு, என் எழுத்து உங்க சிஸ்டத்துல கோழிக் கிறுக்கல், உங்க எழுத்து எனக்கு. கடைசில திஸ்கின்னு ஒரு பொது ஏற்பாட்டுக்கு வந்து அதுல நிறைய புத்தகம் ஏத்துனாங்க. நீங்க திறந்தது அந்தப் பழைய திஸ்கி கோப்பா இருக்கும். அதே புத்தகத்துக்கு பக்கத்துலயே யூனிகோடுன்னு தனி லிங்க் இருக்கும் பாருங்க, இல்லனா பிடிஎஃப். எழுத்துரு எதுவும் இறக்க வேண்டியது இல்ல.

இப்ப 87 விசயத்துக்கு வாரேன். ஒரு காலத்துல எனக்கும் இதே வியாதி. கூகுள் ரீடர்னு ஒண்ணு இருந்துச்சு, புடிச்ச சைட் எல்லாம் அதுல போட்டு வச்சா புதுசு வந்ததும் அங்கயே வந்து விழும். நான் முன்னூத்திச் சொச்சம் போட்டு வச்சேன், படிக்காதது 1000+னு தடியா காட்டும், பாக்கும்போதெல்லாம் வட்டி கட்டாத கடன் மாதிரி இருக்கும். 2013 ஜூலைல அத மூடுனப்போ ஊரே அழுதுச்சு, எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. அதுக்கும் முன்னாடி காலைல எந்திரிச்சதும் தமிழ் பிளாக் எல்லாத்தையும் திரட்டிக் காட்டுற தமிழ்மணம், யார் என்ன எழுதிருக்கா, யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு பாத்துட்டுத்தான் பல்லே வெளக்குவோம். ஸ்டம்பிள்அப்பான்னு ஒண்ணு, ஒரு பட்டன் அமுக்குனா எங்கயோ ஒரு விசித்திரமான சைட்ல கொண்டு போய் விடும், 2018ல அதுவும் போச்சு. சரி அந்த ஒப்பாரி இப்ப எதுக்கு.

நான் கண்டது என்னன்னா சைட்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு பூக்காரம்மா மாதிரி, தினம் ஒரு முழம் குடுத்துட்டு போயிரும், அதுக்கு மேல நீங்க கேட்டாலும் கிடையாது. நாசா படம் அந்த ரகம். இன்னொண்ணு சந்தை, எல்லாம் கிடைக்கும், ஆனா என்ன வாங்கணும்னு தெரியாம போனா சுத்திச் சுத்தி கால் வலிச்சு வெறுங்கையா வருவீங்க. உங்க 87ல எண்பது சந்தையாத்தான் இருக்கும். கான் அகாடமிய காரணமே இல்லாம தினம் திறந்து என்ன செய்ய? சந்தைக்குப் போகணும்னா கையில ஒரு கேள்வி வேணும்.

அதனால பூக்காரம்மா ரகம் மூணு மட்டும் வைங்க, நாலாவது வேண்டாம். குரோம் செட்டிங்ஸ்ல ஆன் ஸ்டார்ட்அப்னு இருக்கும், அதுல குறிப்பிட்ட பக்கங்கள திறக்கச் சொல்லி மூணையும் போட்டுட்டா பிரவுசர் திறக்கும்போதே வந்து நிக்கும். மத்தத எல்லாம் ஒரே ஃபோல்டர்ல தள்ளி "சந்தை"ன்னு பேர் வைங்க. அழிக்கணும்னு கூட இல்ல.

தூக்கம்_வரல | 9:40

கடைல காலைல எட்டு மணிக்கே சிஸ்டம் போட்ருவார், அப்ப நேத்து படம்தான் வந்து நிக்கும் 😂 மத்தியானம் ரெண்டு மணிக்கு பிரவுசர மூடித் திறங்க.

பிஸிக்ஸ்_டீச்சர் | செவ்வாய், காலை 6:20

ஏழாவது படிக்கிற பொண்ணுன்னு சொன்னதால வந்தேன். கோவில்பட்டின்னா தீப்பெட்டிக்கு பஞ்சமே இல்ல, அதனால முதல் வேலையா அரவிந்த் குப்தா டாய்ஸ் பாருங்க. ஐஐடி கான்பூர்ல படிச்ச எஞ்சினியர், 1978ல மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் பக்கம் கிராமத்துப் பள்ளிகள்ல அறிவியல் சொல்லித்தர்ற திட்டத்துக்குப் போனவர், அங்க சைக்கிள் வால்வ் ட்யூப்ப துண்டு துண்டா வெட்டி தீக்குச்சிய அதுல சொருகி முக்கோணம், சதுரம், வீடு எல்லாம் கட்ட வச்சார். சதுரத்த அமுக்குனா சாஞ்சுரும், முக்கோணம் சாயாது, பாலத்துலயும் கரண்ட் டவர்லயும் ஏன் அவ்வளவு முக்கோணம்னு பிள்ளைக்கு விரல்லயே புரியும். 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. சைட்ல குப்பைல இருந்து செய்யிற பொம்மைக்கு படம் வீடியோ எல்லாம் இலவசம், தமிழ் புத்தகமும் இருக்கு. மருந்து இல்லாத வெறுங்குச்சியா வாங்கிக்குங்க, அதான் முக்கியம்.

அடுத்து ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகத்துல 2002ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச கார்ல் வீமன் அதுக்கு முந்தின வருசம்தான் இயற்பியல் நோபல் வாங்கிருந்தார். பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் ஸ்கிரீன்லயே இழுத்து மாட்டலாம், தப்பா மாட்டுனா தீப்பிடிக்கும் (ஸ்கிரீன்ல). சிலது தமிழ்லயும் இருக்கு. என் கிளாஸ்ல பசங்க முதல் பத்து நிமிசம் வேணும்னே தீ வைக்கத்தான் செய்வாங்க, விட்ருவேன், அதுக்கப்புறம்தான் ஏன் பிடிக்குதுன்னு கேள்வி வரும்.

சும்மா பாக்கறது போதும், எதாவது செய்யணும்னு தோணுனா ஸூனிவர்ஸ். 2007ல கேலக்ஸி ஸூன்னு ஆரம்பிச்சதுல, டெலஸ்கோப் எடுத்த கேலக்ஸி படத்த பொதுமக்களே பாத்து வகை பிரிச்சாங்க. நெதர்லாந்துல ஹன்னி வான் ஆர்கெல்னு ஒரு ஸ்கூல் டீச்சர், ஒரு கேலக்ஸி பக்கத்துல வித்தியாசமா ஒரு திட்டு தெரியுதேன்னு கேட்டாங்க, யாருக்கும் என்னன்னு தெரியல. இப்ப அதுக்கு பேரே ஹன்னியோட பொருள்னு அவங்க மொழில. எனக்கு இதுல கொஞ்சம் பொறாமை உண்டு.

யாழ்_வாசகன் | காலை 11:05

வணக்கம் அண்ணை. தமிழிலயே வாசிக்கோணும் எண்டால் நூலகம் தளத்தையும் ஒருக்கா பாருங்கோ, 2005ல எங்கட ஆக்கள் தொடங்கினது. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதில கிட்டத்தட்ட 97 ஆயிரம் புத்தகம் போச்சுது, அதுக்குப் பிறகு ஒரு துண்டுக் கடுதாசியையும் தவறவிடக்கூடாது எண்ட பயம் எங்கட ஆக்களுக்கு. அதாலதான் பழைய பேப்பர், பள்ளிக்கூட மலர், செத்த வீட்டு நினைவு மலர் எண்டு கனக்க ஸ்கான் செய்து போட்டிருக்கினம். நினைவு மலர் எண்டால் சும்மா நினைக்காதேங்கோ, ஒரு ஆளின்ர வாழ்க்கையும் ஊரும் பரம்பரையும் அதுக்குள்ள கிடக்கும். ஆனா மேல ஒராள் சொன்ன மாதிரி இது சந்தைதான். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போறனான், போனால் மத்தியானச் சாப்பாடு பிந்தும்.

மழைக்காகிதம் | மதியம் 1:30

மூணு பூக்காரம்மான்னு சொன்னீங்க, நாசா ஒண்ணு. மத்த ரெண்டு நான் சொல்றேன், ரெண்டும் கண்டிப்பா ஒட்டும்.

வின்டி. காத்து எங்க இருந்து எங்க போகுதுன்னு மேப் மேல கோடு கோடா ஓடிட்டே இருக்கும். அரபிக்கடல்ல இருந்து வர்ற காத்து மேற்குத் தொடர்ச்சி மலைல முட்டி நிக்கும், பாலக்காட்டுல மட்டும் சுமார் 30 கிலோமீட்டருக்கு மலை இல்லையா, அந்த சந்து வழியா பல்லடம் உடுமலை பக்கம் பிச்சுக்கிட்டு வரும். ஆரல்வாய்மொழியும் அதே கதைதான், முப்பந்தல்ல ஏன் அவ்வளவு காத்தாலைன்னு யாரும் விளக்க வேணாம், கண்ணால பாக்கலாம். அது கம்ப்யூட்டர் போட்ட கணக்குதான், மழைன்னு காட்டுனா பெஞ்சே ஆகணும்னு இல்ல, புயல் எச்சரிக்கைக்கு எப்பவும் வானிலை மையம் சொல்றதுதான்.

இன்னொண்ணு, சிகாகோ பல்கலைக்கழகத்து சைட்ல சென்னைப் பல்கலைக்கழக தமிழ் லெக்சிகன் முழுசா இருக்கு, 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, ஒரு லட்சத்துக்கு மேல வார்த்தை. இது சந்தைன்னு சண்டைக்கு வராதீங்க, தினம் ஒரே ஒரு வார்த்தைன்னு வச்சுக்கிட்டா பூக்காரம்மாதான். கன்னல்னு போட்டுப் பாருங்க. கரும்புன்னு எல்லாருக்கும் தெரியும், நேரம் பாக்க தண்ணில மிதக்க விடுற நாழிகை வட்டிலுக்கும் அதே பேரு. முல்லைப்பாட்டுல "குறுநீர்க் கன்னல்"னு வர்றது அந்த வட்டில்தான், நான் காலேஜ்ல கரும்பு ஜூஸுன்னு எழுதி வச்ச ஆளு.

சும்மா_வந்தவன் | 1:44

தமிழ் விக்கிப்பீடியால "ஏதாவது ஒரு கட்டுரை"ன்னு ஒரு லிங்க் இருக்கு, அமுக்குனா ஸ்டம்பிள்அப்பான் மாதிரியே எங்கயாவது கொண்டு போகும். (லிஸ்ட் போட்டதுக்கு பிராயச்சித்தம்)

பழைய_பிளாக்கர் | 2:02

நல்ல ஐடியா. எனக்கு மூணு தடவ அமுக்குனா ரெண்டு தடவ ஊராட்சி, ஒரு தடவ வாயில நுழையாத வேதிச் சேர்மம்.

ஜெராக்ஸ்_கடைக்காரன் | பதினாறு நாள் கழிச்சு, மாலை 6:50

அப்டேட் போடாம இருந்தா தப்பு.

ஸ்டார்ட்அப்ல நாசா, வின்டி, லெக்சிகன் மூணும் போட்டாச்சு. 2 மணிக்கு பிரவுசர மூடித் திறக்கேன். நாசா படத்துக்கு கீழ உள்ள இங்கிலீஷ் முதல்ல தலை சுத்துச்சு, ரைட் கிளிக்ல தமிழுக்கு மாத்துனா வர்ற தமிழ் அதவிட சுத்துது, இப்ப இங்கிலீஷ்லயே முதல் மூணு வரி மட்டும் படிக்கேன், அது போதுமா இருக்கு. அதுல பழைய படம் எல்லாம் தேதி வாரியா இருக்குன்னு பொண்ணுதான் கண்டுபிடிச்சா. அவ பொறந்த நாளுக்கு உள்ள படத்த எடுத்து கலர் பிரிண்ட் போட்டு (என் காசு) ஸ்கூலுக்கு கொண்டு போயி, இப்ப அவ கிளாஸ் பிள்ளைக நாலஞ்சு பேரு கடைக்கு வந்து அவங்கவங்க தேதிக்கு கேக்குதுக. எனக்கும் தேடுனா, அந்த சைட்டே 1995 ஜூன் 16லதான் ஆரம்பிச்சிருக்கு, நான் 83. "உங்களுக்கு படமே கிடையாதுப்பா"ன்னு ஒரே சிரிப்பு.

லெக்சிகன் நாலு நாள் விட்டுப் போச்சு, ஒத்துக்கிடுதேன். தீக்குச்சி வீடு ஒண்ணு ஜெராக்ஸ் மிசின் மேல நிக்கி. ஸூனிவர்ஸ் இன்னும் திறக்கல டீச்சர், மன்னிச்சுக்குங்க. நூலகம் சைட் ஒரு ஞாயித்துக்கெழம திறந்தேன், யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது சத்தியம், மூணு மணிக்கு சாப்பிட்டேன். ரீல்ஸ் பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன், மூணரைக்கு மேல பாக்கேன்.

ஆனா புதுசா ஒரு பிரச்சனை. இங்க கரிசக்காட்டுல எல்லாம் மானாவாரி, உளுந்து பாசி மக்காச்சோளம்னு புரட்டாசில விதச்சுட்டு வானத்த பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பட்டா எடுக்க வந்த ஒரு பெரியவர் சிஸ்டத்துல வின்டி ஓடுறத பாத்துட்டார். இது என்னன்னு கேட்டார், சொன்னேன். மறுநாள் வேற ரெண்டு பேர கூட்டிட்டு வந்தார். இப்ப தினம் மூணு மணிக்கு ஏழெட்டு பேரு, ஒரு ஜெராக்ஸ் கூட கிடையாது, "தம்பி அத போடு, கடல்ல எதுவும் சுத்துதான்னு பாப்போம்". நேத்து அவர் சொல்றார், உன் பொட்டி வெள்ளிக்கெழம மழைங்குது, எறும்பு முட்டைய தூக்கிட்டுப் போறத பாத்தா வியாழனே வரும்னு.

மழைக்காகிதம் | 7:05

வந்துச்சா?

ஜெராக்ஸ்_கடைக்காரன் | 7:08

இன்னைக்குத்தான் வியாழன். லேசா தூத்தல் போடுது, பெரியவர் கடை வாசல்லதான் நிக்கார்.