அத்தைக்கு ‘கொழுப்பு’ என்று சொன்ன நாள்

காட்பாடி மருமகள்:
அத்தைக்கு 67 வயது, எடை 46 கிலோ. போன மாதம் வேலூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 182, ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு 240. ரிப்போர்ட்டை நீட்டின பையன் அத்தனை பேருக்கு நடுவில், “பாட்டி, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை காகிதத்தை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக் கயிற்றை இழுத்தார். பஸ் பாலாற்றுப் பாலம் ஏறும்போதுதான் வாய் திறந்தார்: “நான் என்னத்தைத் தின்னேன்னு எனக்குக் கொழுப்பு?”

அன்றிலிருந்து தாளிக்கக்கூட எண்ணெய் விட விடுவதில்லை. வேர்க்கடலைச் சட்னி, முட்டை எல்லாம் நிறுத்தியாச்சு. மூன்று வேளையும் ரசம் சோறுதான். இப்போது 43 கிலோ. கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடுகிறது. அந்தப் பையனை அன்றே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

குடியாத்தத்துக்காரன்:
லேப் தப்பாக இருக்கும். ஒல்லியானவர்களுக்கு ஏது கொழுப்பு? என் அம்மா 78 கிலோ, அவருக்கே எல்லாம் நார்மல். மூட்டுவலிக்காக எடை குறைக்கச் சொன்னார்கள். தங்கை கல்யாணப் பந்தியில் அம்மா இலையிலிருந்த மக்கன் பேடாவை நான் எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை.

ஆரணி டீச்சர்:
தம்பி, லேபைத் தப்பு சொல்லாதீர்கள். நான் 51 கிலோ, எனக்கும் 170 தாண்டியது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. கல்லீரல் முன்போல எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதில்லை. குண்டு, ஒல்லி பார்த்து வருவதில்லை அது. தைராய்டு குறைந்தாலும் ஏறும், எனக்கு அதுதான். அதற்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா அம்மா?

ட்ரைகிளிசரைடு வேறு கதை. மிஞ்சின மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். மூன்று வேளையும் சோறு என்றால் அது எப்படி இறங்கும்? கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது, அளவாக விடுங்கள். நெய், பாமாயில், வனஸ்பதியைக் குறையுங்கள், பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாதீர்கள். சோறு ஒரு வேளை போதும். கேழ்வரகுக் களி சின்ன உருண்டையாக, கூடவே முருங்கைக்கீரை, கொள்ளு. பட்டினி மட்டும் வேண்டாம், இந்த வயதில் எடை இறங்கினால் தசையும் சேர்ந்து போகும். அப்புறம் தம்பி, அம்மாவின் இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

காட்பாடி மருமகள்:
டி.எஸ்.எச். பார்க்கவில்லை டீச்சர். திங்கட்கிழமை வேறு லேபுக்குக் கூட்டிப் போகிறேன். நீங்கள் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டு, நேற்று ராத்திரி களி கிண்டினேன். பக்கத்தில் கடலைச் சட்னி வைத்தேன். “டீச்சரம்மா நிஜமாவே சொன்னாங்களா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, விரல் நுனியில் தொட்டுக்கொண்டார்.