ஐந்து வயதில் சோதித்தால் மூன்றாம் வகுப்புத் திணறல் தெரிந்துவிடுமா?

முக்கூடல் பால்வாடி டீச்சர்:
பால்வாடியை முடித்து முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எழுத்துகளை அடையாளம் காண்பதையும், ஒலிகளைப் பிரித்தறியும் திறனையும், படங்களின் பெயரைச் சொல்லும் வேகத்தையும் சோதித்து, பின்னால் வாசிக்கத் திணறக்கூடியவர்களை இப்போதே குறித்துவைக்கலாமா என்று எங்கள் வட்டாரக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. குறித்துவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. மூன்றாம் வகுப்பில் கண்டுபிடிப்பதற்குள், தனக்குப் படிப்பு வராது என்று அந்தப் பிள்ளையே முடிவுகட்டிவிடுகிறது. இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கைந்து வயதில் சொற்களின் ஒலியை இனம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வாசித்தார்கள். அதில் பின்தங்கிய 65 பேரில், ஒலிப்பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்துப் பழகியவர்களே அதிகம் முன்னேறினார்கள்.

பாளை ஓய்வாசிரியர்:
டீச்சர், அது ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளிடம் கண்டது. நம் பிள்ளைக்குக் 'க' ஒரே ஒலி. அதைக் 'க்' என்றும் 'அ' என்றும் பிரிக்கச் சொன்னால் விழிக்கும். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அசையைப் பிரிக்கும் திறன் முன்னதாகவும் தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெல்லவும் வருவதாக 2007-இல் எழுதியிருக்கிறார். 247 எழுத்து உள்ள நமக்கும் அந்த நிதானம் வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். நூறு பிள்ளைகளில் பத்துப் பேர் பின்னால் திணறுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்தப் பத்தில் எட்டுப் பேரைப் பிடித்தாலும், மீதித் தொண்ணூறில் ஐந்தில் ஒரு பங்கைத் தவறாகப் பிடித்தால், பட்டியலில் ஏறும் 26 பேரில் 18 பேர் சும்மா மாட்டிக்கொண்டவர்கள். தாய் பீடி சுற்றப் போக, தம்பியைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் முதல் வகுப்பில் 'அ' தவிர எதுவும் அறியாமல் என்னிடம் வந்தான். நான்காம் வகுப்பில் வகுப்புக்கே செய்தித்தாள் வாசித்தான். அவனுக்கு இல்லாமல் போனது வாய்ப்புதான், திறமை அல்ல.

தென்காசி பேச்சுப் பயிற்சியாளர்:
அண்ணாச்சி சொல்லும் பையனையும் வாய்ப்பிருந்தும் திணறும் பிள்ளையையும் ஒரே நாள் சோதனையால் பிரிக்க முடியாது. சில வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். சென்ற வாரம் ஒரு சிறுமி 'கொடி' என்ற சொல்லில் விரலை வைத்து முதலில் 'கெ' என்றாள். விரல் துணைக்காலுக்கு வந்ததும் நின்று, 'கா' என்று திருத்தி, 'காடி' என்று முடித்தாள். கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்க, ஒலி ஒன்றாக வருவதே அவளுக்குச் சிக்கல். இத்தகைய பிழை எதுவும் மதிப்பெண்ணில் தெரியாது. பெயர் சொல்லும் சோதனை, டென்க்லாவும் ரூடலும் 1976-இல் வகுத்தபடி, ஐந்து படங்களைப் பத்து முறை மாற்றி மாற்றி ஐம்பதாக அடுக்கி, பிள்ளையை வேகமாகப் பெயர் சொல்லச் சொல்வது. அதற்கு எழுத்தே தெரிய வேண்டியதில்லை என்பதால் வாய்ப்புக் குறைந்த பிள்ளைக்கு அது சற்று நியாயமானது. வீட்டில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்ததா என்று கேட்பதும், காதைப் பரிசோதிப்பதும் அதற்கு முன்பே நடக்க வேண்டும். (சீழ் வடியும் காதோடு ஒலியைப் பிரிக்கச் சொல்வது கொடுமை.)

முக்கூடல் பால்வாடி டீச்சர்:
ஆனி மாதம் ஒரு முறை, தை மாதம் ஒரு முறை என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் முதல் சோதனையில் பின்தங்கியவர்களுக்கு அன்றைக்கே கூடுதல் பயிற்சி தொடங்க வேண்டும். தை வரை காத்திருக்க மாட்டேன்.

பாளை ஓய்வாசிரியர்:
பயிற்சிக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. தவறாகப் பிடிபட்ட 18 பேருக்கும் அதனால் கெடுதல் இல்லை. பட்டியல் மட்டும் உங்கள் மேசையைத் தாண்டக் கூடாது. தாயிடம் 'உங்கள் பிள்ளைக்குக் குறை' என்று சொல்லாமல், கொய்யா, கொக்கு, கொடி என்று 'கொ'வில் தொடங்கும் பெயர்களைப் பீடித்தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை சொல்லட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.