புதுப்பிப்பு: அப்பாவின் வார்ஃபரினும் மஞ்சள் கேப்சூலும்

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் அப்பா மூட்டுவலிக்கு மஞ்சள் கேப்சூல் எடுக்கலாமா, முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் விசாரித்ததால் இந்தப் பதிவு.

கேப்சூல் கூடவே கூடாது என்றுவிட்டார் இதய மருத்துவர். டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் குர்குமினாய்டு (மஞ்சளின் வீரியப் பொருளான குர்குமினும் அதன் வகைகளும்), கூடவே பைப்பரின். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு கேப்சூலுக்கு ஈடாக 15 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். எந்தச் சாம்பாரும் அதைத் தாங்காது. மிளகிலுள்ள பைப்பரினோ, உடல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். டப்பாவின் முன்பக்கத்தில் ‘பக்கவிளைவு அற்றது’ என்று கொட்டை எழுத்து. துணிச்சல்தான்!

கீரைக்குத் தடையில்லை. அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதால், ஒரு வாரம் தினமும், மறுவாரம் அறவே இல்லை என்று மாற்றாமல், சீரான அளவில் சாப்பிட வேண்டும். அப்பாவுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை அளவு) 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த வாரம் 2.4.

ரசத்தில் மஞ்சள் வழக்கம்போல் விழுகிறது. மூட்டுவலிக்குப் பிசியோதெரபி, முணுமுணுத்துக்கொண்டேதான் போகிறார்.